போஸ்டர்ல பதில் போடக் கூடாது

இன்னா சார், பேப்பரப் பட்ச்சி முட்ச்சிட்டியா? மூஞ்சி ஏன் இப்டி சுருங்கிப் போச்சி? பூனைதானான்னு கேக்கறியா?

ஆமா சார், பூனைதான். ‘நடிகர் வீட்டுக் கிணற்றில் மிதந்தது யார்?’னு போஸ்டர்ல போட்டுக்கீது. அத்தப் பாத்துட்டுதான் நீ பாக்கெட்ல கைய வுட்ட. ‘நடிகர் வீட்டுக் கிணற்றில் பூனை’ன்னு போட்டிருந்தா வுட்டிருப்பியா? அந்தாண்ட திரும்பி நின்னு, பஸ் வருதான்னு பாத்துக்கினு இருந்திருப்ப. அது செத்த பூனை கூட இல்ல. தீயணைப்பு வண்டி வந்து, ஏணி வுட்டு, பதமா உசுரோட தூக்கிட்டாங்க. நடிகரோட பூனையும் இல்ல, பக்கத்து வூட்டுப் பூனை. எல்லாம் உள்பக்கத்துல வெவரமாப் போட்டுக்கீது. நான் ஒண்ணும் ஏமாத்தல. கேள்வி வெளிய, பதில் உள்ள. அதான் சார் இந்தத் தொயிலு.

கேளம்பாக்கம் பஸ்தானே? வரும், வரும். கெவருமென்ட்டு பஸ்ஸு, அதுக்குன்னு ஒரு மரியாதி கீதுல்ல, கூப்ட்ட ஒடனே வந்துடுமா? இப்டி நெயல்ல வந்து நில்லு. இந்தப் பலகை மேல குந்து. பேப்பர் மேல குந்தாத, விக்காதது ரிட்டன் போவணும்.

கேளம்பாக்கத்துக்கே போறியா, இல்ல நடுவுல எறங்கிடுவியா? கேளம்பாக்கமேவா! சரி சரி. ஒனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். இன்னான்னு இப்ப சொல்ல மாட்டேன்.

மாலைத்தூதன்! மாலைத்தூதன்! கெணத்துல மெதந்தது யாரு! நடிகர் வூட்டுக் கெணத்துல மெதந்தது யாரு!... பாத்தியா? அந்தக் கண்ணாடி போட்ட அம்மா ஜன்னல்லருந்து கைய நீட்டுது. இந்தாம்மா. இன்னா ஆச்சா? பாரும்மா உள்ள, எல்லாம் கீது.

ஒரு ரூலு கீது சார். கேள்வியக் கத்தணும், கத்திட்டு வாய மூடிக்கணும். ரொம்பப் பேரு இங்கதான் கோட்டை வுடுவான். கத்துவான். ‘இன்னாப்பா ஆச்சி?’ன்னு எவனாச்சும் கேட்டா, ‘பூனை’ன்னுடுவான். நல்லவனாம். அந்த நல்லவன் பேப்பரு அவன் கையிலயே கீது. நான் அப்டி இல்ல. நீ கேட்டா நான் ஆகாசத்தப் பாப்பேன். ஒன் பஸ்ஸு உறும ஆரம்பிக்கறப்ப ஒன் கண்ணப் பாப்பேன். ஒன் கை தன்னால பாக்கெட்டுக்குப் போவும்.

ஒருத்தரு இங்க நின்னு எனுக்கு லெக்சர் அட்ச்சாரு. செல்லுல எல்லாம் வந்துடுச்சி, இனிமே பேப்பர எவன் வாங்குவான்னு. நான் எட்டி அவரு செல்லப் பாத்தேன். ‘நடிகை சொன்ன ஒரே வார்த்தை, அதிர்ந்துபோன ரசிகர்கள்’னு கீது. இன்னா வார்த்தைன்னு போடல. எனுக்கு ஒடம்பே சிலிர்த்துப் போச்சி சார். எங்க தொயிலக் கத்துக்கினு ஒலகம் பூரா இப்ப அதத்தான் பண்ணுது. அந்த மனுசன் அத்த அமுக்கிட்டு, அமுக்கிட்டு, அந்த வார்த்தையத் தேடிக்கினே தாம்பரம் பஸ்ஸ வுட்டுட்டாரு.

இவ்ளோ தெறமை கீற மனுசன வூட்டுல எப்டி வச்சிக்கணும்? தலையில தூக்கி வச்சிக்க வோணாம். சோத்தையாவது மூஞ்சப் பாத்துப் போடலாம்ல? என் சம்சாரம் தேசம்மா, கார்த்திகை மாசத்துலருந்து தட்ட டங்குனு வச்சிட்டு செவுத்தப் பாக்கறா. செவுரு துன்னுதா, நான் துன்னறனா? எல்லாம் என் பொண்ணால. பொண்ணால இல்ல, பொண்ணு கல்யாணத்தால. கல்யாணம் நடந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. நடக்கல. யாரால நடக்கலன்னு கேளு.

கேட்டியா? இரு, சொல்றேன்.

என் பொண்ணு ஹேமாவதி, நர்ஸு. இங்க மூலக்கொத்தளத்தாண்ட ஒரு ஆஸ்பத்திரில இருந்தா. அவ வார்டுல நடந்து வந்தா நோயாளி பாதி நோவ மறந்துடுவான். நான் சொல்லல சார், நோயாளிங்க சொன்னது. கோவமே வராது அவளுக்கு. எங்கிட்ட மட்டும் சின்ன வயசுலருந்து வரும். ஏன்னு கேக்கறியா? எனக்கும் தெரியல.

நான் வூட்டுலயும் தொயிலு மாரிதான் பேசுவேன். பயக்கம். ‘தேசம்மா, எதுத்த வூட்டு மாடில இன்னா நடக்குது தெரியுமா?’ன்னு கேட்டுட்டுக் கை அலம்பப் போயிடுவேன். அவ வயித்துல நெருப்பக் கட்டிக்கினு நிப்பா. வந்து பொறுமையா, ‘துணி காயப் போடறாங்க’ன்னுவேன். ஒரு தமாஷு. சிரிக்கலாம்ல? சிரிக்க மாட்டா. ஹேமா நர்ஸு பரிச்சையில பாஸான சேதியக் கூட அப்டித்தான் சொன்னேன். ‘ரிசல்ட்டு வந்துடுச்சி கண்ணு. மனச தெடப்படுத்திக்கோ’ன்னுட்டு, செருப்ப மெதுவாக் கயட்டினேன். கொயந்த ‘ஓ’ன்னு அயுதுடுச்சி. அப்பால ‘பாஸு’ன்னேன். அந்த அயுகை இல்லாம அந்த சந்தோசம் வந்திருக்குமா சார்? நீயே சொல்லு. சொல்லாத, பரவால்ல.

அந்த ஆஸ்பத்திரில லேபுல ஒரு பையன், ஜெகன்னு பேரு. ரத்தம் எடுக்கறவன். இவ மனசையும் சேத்து எட்த்துட்டான். எங்க வூட்டுல லவ்வுன்னா, ‘சரி, இன்னா பண்றது’ன்னு ஒத்துக்குவோம். அவங்க பெரம்பூர்ல கவுரவமான குடும்பமாம். லவ்வுன்னா அந்தக் கவுரவத்துக்கு ஜன்னி வந்துடுமாம். அதனால தரகரு சொல்லி வந்த மாரி ஒரு டிராமா. பையனோட அப்பா, அம்மா, பையன், மூணு பேரும் பொண்ணு பாக்க வந்தாங்க. ரெண்டும் மொதல் தபா பாக்கற மாரி தலையக் குனிஞ்சிக்கினு கீதுங்க. எல்லாருக்கும் சக்கரை போட்ட காப்பி, அந்தப் பையனுக்கு மட்டும் சக்கரை இல்லாத காப்பிய எட்த்துக்கினு வரா இவ! அவனும் கேக்காம குடிக்கறான். நல்லவேளை, கவுரவமான குடும்பம் கேசரியிலயே கவனமா இருந்திச்சி.

எங்க வூட்டுக்காரர் பத்திரிகைத் துறையில கீறாருன்னு தேசம்மா அவங்களாண்ட சொல்லி வச்சிருந்தா. பொய் இல்லியே? இது பத்திரிகை, நான் தொறையில நிக்கறேன்.

அவங்களுக்குப் பொண்ணப் புட்ச்சிப் போச்சி. ஆனா ஒரு வயக்கம் கீதாம். பொண்ணு குடும்பத்தப் பத்தி அக்கம்பக்கத்துல நாலு பேராண்ட விசாரிச்சிட்டுதான் தட்டு மாத்துவாங்களாம். விசாரிக்கறதுக்குன்னே வூட்டுக்கு ஒரு ஆளு வச்சிருப்பாங்க சார். அந்த வூட்டுல தாய்மாமன், சபாபதின்னு பேரு. பொண்ணு பாக்க அவன் வரல. அதனால என் மூஞ்சி அவனுக்குத் தெரியாது. அவன் மூஞ்சி எனுக்குத் தெரியாது.

ஒரு நாளு இதே பிராட்வே ஸ்டாண்டு, இதே எடம், சாயங்காலம், வியாபாரம் சூடா போவுது. பக்கத்துல பூக்கார யசோதா. சஃபாரி போட்டுக்கினு, கக்கத்துல தோல் பைய இடுக்கிக்கினு ஒருத்தன் வந்து நின்னான். வந்தவன் பேப்பர் வாங்கல, போஸ்டரையும் பாக்கல. ‘ஏம்ப்பா, இந்தப் பக்கம் பத்திரிகைத் துறையில பொன்னுரங்கம்னு ஒருத்தர் இருக்காராமே, தெரியுமா?’ன்னான்.

பொன்னுரங்கம் நான்தான் சார்.

எனுக்குப் புல்லரிச்சிப் போச்சி. என்னப் பத்தி என்னாண்டயே விசாரிக்கறான்! பொண்ணப் பெத்த எவனுக்குக் கெடைக்கும் இந்த மாரி சான்ஸு? ‘ஏன் தெரியாது? தங்கமான மனுசனாச்சே’ன்னேன். இதுல எதுனா பொய் கீதா? யசோதா பூக் கட்டறத நிறுத்திட்டு என்னையே பாத்துது. நான் கண்ணாலயே, ‘நீ கம்முனு இரு’ன்னேன்.

‘அவர் பொண்ணு எப்படி?’ன்னான்.

இங்கதான் சார் தெறமை வோணும். ‘நல்ல பொண்ணுங்க’ன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வுட்டிருக்கலாம்ல, வுட்டிருக்கலாம்லன்னு தேசம்மா இன்னிக்கி வரைக்கும் என் உசுர வாங்கறா. நல்ல பொண்ணு! அத்த யசோதாவும் சொல்லும், டீக்கடைக்காரனும் சொல்லுவான். விசாரிக்கப் போன எடத்துல எல்லாப் பொண்ணும் நல்ல பொண்ணுதான். அந்தச் சேதிய எவன் வாங்குவான்? பூனைன்னு போஸ்டர் போட்ட மாரிதானே அது? என் பொண்ணு பத்தோட பதினொண்ணு இல்ல. அவளுக்குன்னு ஒரு எடுப்பு வோணும்ல?

அவ ரெண்டு வருசம் பாம்பேல இருந்தா சார். இன்னாத்துக்குன்னு கேக்கறியா? இரு இரு. ஒனக்கே எப்டி இயுக்குது பாத்தியா! அத்தத்தான் நான் எட்த்தேன். இந்தாண்ட பாத்தேன், அந்தாண்ட பாத்தேன். கொரலக் கொறச்சேன். ‘பொண்ணா? அது ரெண்டு வருசம் பாம்பேல இருந்துதே... எதுக்குன்னு தெரியுமா?’ன்னேன்.

சொல்லிட்டு வாய மூடிக்கினேன். ஆகாசத்தப் பாத்தேன்.

அவன் மூஞ்சி அப்டியே மாறிச்சி. ‘எதுக்கு?’ன்னான். மாட்டுனான்னு நெனச்சேன். நான் பேசல. ‘எதுக்குப்பா?’ன்னு கிட்ட வந்தான். இன்னொரு தபா கேட்டா சொல்லிடலாம்னு நான் மனசுல வச்சிருந்தேன். சொல்ற அயகே தனி சார், ரெடி பண்ணி வச்சிருந்தேன். அந்த நேரம் பாத்து பெரம்பூர் பஸ்ஸு வந்து நிக்குது. நாலு மணியிலருந்து வராத பஸ்ஸு! ஏறிட்டான் மனுசன்.

நீ பின்னாடி ஓடலியான்னு தேசம்மா கேட்டா. அவளுக்குத் தொயிலு தெரியாது. பஸ்ஸு கெளம்பற நேரந்தான் சார் வியாபாரமே. ஜன்னலுக்கு ஜன்னல் கை நீட்டறான். அந்த நேரத்துல எவனாச்சும் வுட்டுட்டு ஓடுவானா? நான் வித்தேன். அவனும் ஒரு ஜன்னல்லதான் குந்திக்கினு என்னையே மொறச்சிப் பாத்துக்கினு இருந்தான். ஒரு பேப்பர் வாங்கியிருந்தான்னா அதோட பதிலையும் குட்த்திருப்பேன். வாங்கல. கேள்விய மட்டும் எட்த்துக்கினு பெரம்பூர் போய்ட்டான். அல்பம்.

மாலைத்தூதன்! கெணத்துல மெதந்தது யாரு!... இல்ல சார், இது திருவொத்தியூர். ஒன் பஸ்ஸு இல்ல, குந்து.

பதிலா? பதில் இன்னான்னா, பாம்பேல ஒரு பெரிய கேன்சர் ஆஸ்பத்திரி. அதுல கொயந்தைங்க வார்டு. அந்த வார்டுன்னாலே நர்ஸுங்க பயந்து வேற வார்டு கேப்பாங்களாம். மனசு தாங்காதுன்னுட்டு. இவ கேட்டு வாங்கிக்கினு போனா. முடியெல்லாம் கொட்டிப் போன கொயந்தைங்க, இவ ஊட்டுனாதான் துன்னுங்களாம். பாஷை தெரியாத ஊர்ல, அதுங்களுக்காகப் பாஷையக் கத்துக்கினா. ஊருக்குத் திரும்ப ரயிலேறும்போது பெரிய டாக்டரே ஸ்டேசனுக்கு வந்து கும்புட்டாரு சார் என் பொண்ண. அதான் பதில். அது என் நாக்கு நுனியில இருந்திச்சி. அவன் இன்னும் கொஞ்சம் நின்னிருந்தான்னா அயுதிருப்பான். அயுதுக்கினே போய்த் தட்டு மாத்தியிருப்பான்.

அவங்க வூட்டுலருந்து போன் வந்திச்சி. ஜாதகம் பொருந்தலியாம். பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடி அதே ஜாதகம் ஜோராப் பொருந்திச்சி. ஜாதகம் இன்னா பஸ்ஸு டைம் டேபிளா, ஆளுக்குத் தகுந்த மாரி மாற?

ஹேமா ஆஸ்பத்திரில அந்தப் பையனப் புட்ச்சிக் கேட்டிருக்கா. ‘பிராட்வேல ஒரு பேப்பர்காரன் எங்க மாமாகிட்ட என்னமோ சொன்னானாம்’னுருக்கான். இவ பாம்பேல ஆஸ்பத்திரிலதான் வேலை செஞ்சான்னு அவனுக்குத் தெரியும். அம்மாவாண்டயும் சொல்லியிருக்கான். அந்தம்மா இன்னா சொல்லிச்சி தெரியுமா? ‘ஆஸ்பத்திரின்னா அதை ஏன் அந்த ஆளு அக்கம்பக்கம் பாத்துட்டு ரகசியமாச் சொல்றான்?’னுச்சாம். எப்டி மடக்குது பாரு! வக்கீலுக்குப் பட்ச்சிருக்க வேண்டிய பொம்பள.

அன்னிக்கி சாயங்காலம் நான் வூட்டுக்குள்ள நொழையறேன், ஹேமா கூடத்துல நின்னுக்கினு கீறா. டிரஸ்ஸு கூட மாத்தல.

‘நைனா, சஃபாரி போட்ட ஒரு ஆளு உன்கிட்ட வந்தாரா?’ன்னா.

‘வந்தாரு. வந்து இன்னா கேட்டாரு தெரியுமா?’ன்னேன்.

‘நைனா. சொல்லிடு.’

கொரலு ஒரு மாரி இருந்திச்சி. சொல்லிட்டேன். வரிக்கு வரி சொன்னேன், அப்டியே நடிச்சிக் காட்டினேன். ஆகாசத்தப் பாத்ததக் கூட காட்டினேன். தேசம்மா கையில இருந்த கரண்டி வந்து என் காலாண்ட வியுந்துச்சி. வியுந்துச்சா, வீசுனாளான்னு நான் கேட்டுக்கல.

சரி, தப்புன்னு அவங்க நெனைக்கறாங்க. சரி பண்ணிடலாம், இதுல இன்னா கீது? ஞாயித்துக்கெயம நானே பொறப்புட்டேன். சலவைச் சட்டை, வெத்தலைப் பாக்கு, ஒரு சீப்பு வாயப்பயம். ‘நேராப் போயி விசயத்தச் சொல்லிட்டு வந்துடுய்யா, ஒன் வித்தையெல்லாம் அங்க வோணாம்’னு தேசம்மா தெருமொனை வரைக்கும் வந்து சொன்னா. எனுக்கா தெரியாது?

பெரம்பூர்ல அந்தக் கவுரவமான வூடு. வாசல்ல மணி கூட கவுரவமா அடிக்குது. பையனோட அப்பா, ‘வாங்க’ன்னாரு, அரை வாயில. அம்மா வந்து நின்னுச்சி. பையன் தூணாண்ட நின்னான். எல்லாரும் என் வாயவே பாக்கறாங்க. நீயே நெனச்சிப் பாரு சார். அவ்ளோ பேரு நம்ம வாயவே பாக்கும்போது, கொழம்புல உப்பு இல்லன்னு சொல்ற மாரி ஒரு சேதிய சப்புனு எப்டி சொல்றது?

‘ஒரு உண்மையச் சொல்லப் போறேன். கேட்டா அதிர்ச்சி ஆயிடுவீங்க’ன்னேன்.

அந்தம்மா நெஞ்சப் புட்ச்சிக்கினு குந்திடுச்சி. நல்ல ஆரம்பம்னு நெனச்சேன்.

‘பிராட்வேல ஒங்க மச்சானாண்ட என் பொண்ணப் பத்திப் பேசுனானே ஒரு பேப்பர்காரன்... அவன் யாரு?’ன்னு கேட்டு நிறுத்தினேன். பதில் ‘நான்தான்’. சிரிப்பாங்க, இறுக்கம் கொறையும், அப்பால பாம்பே சமாச்சாரத்த எட்த்து வுடலாம்னு கணக்கு. அந்த நேரம் பாத்து, துண்டக் கட்டிக்கினு அந்த சபாபதி குளிச்சிட்டு வெளிய வரான். என்னப் பாத்தான். ‘இவன்தான்! இவன்தான் அந்தப் பேப்பர்காரன்!’னு கத்தறான்.

என் வரிய அவன் சொல்லிட்டான் சார்! எனுக்கு வந்துச்சி பாரு ஆத்திரம்.

பையனோட அப்பா என்னப் பாத்தாரு, மச்சானப் பாத்தாரு. ‘இவர் பொண்ணோட அப்பாடா’ன்னாரு. அப்பால அந்த வக்கீலம்மா எழுந்து நின்னுச்சி. ‘வேத்து ஆளு சொன்னா வம்புன்னு விட்டிருப்போம். பெத்த அப்பனே சொல்றார்னா அதுல உண்மை இல்லாமயா இருக்கும்?’ன்னுச்சி.

நான் வாயத் தொறந்தேன் சார். சத்தியமாத் தொறந்தேன். பாம்பே, ஆஸ்பத்திரி, கொயந்தைங்க, எல்லாம் சொல்லத்தான் தொறந்தேன். ‘போதுங்க’ன்னு என் வெத்தலைப் பாக்க என் கையிலயே குட்த்துட்டாங்க. வாயப்பயத்த மட்டும் உள்ள வச்சிக்கினாங்க. அந்தப் பையன் ஜெகன், செவுத்துல பல்லியப் பாத்துக்கினு நின்னான். லவ்வாம்! ரத்தம் எடுக்கறவனுக்கு ரத்தம் இல்ல.

எனுக்கு இன்னா வருத்தம்னா, இந்த ஜனங்களோட புத்திதான். போஸ்டரப் பாத்தே முடிவு கட்டிடறாங்க. உள்ள பிரிச்சிப் படிக்கறதில்ல. இப்டி ஒரு ஜனங்கள வச்சிக்கினு ஒருத்தன் எப்டி சார் தொயிலு பண்றது?

நான் வூட்டுக்கு வந்து வெத்தலையக் கீய வச்சேன். யாரும் ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் ஒரு வாரம் ஹேமா வேலைக்குப் போவும், வரும், பேசாது. ஒரு நாளு காத்தால பாத்தா, பைய ரெடி பண்ணிக்கினு கீறா. தேசம்மா கதவாண்ட முந்தானைய வாயில வச்சிக்கினு நிக்குது.

‘பாம்பேல முன்னப் பின்ன தெரியாதவங்க கூட என்னை ஒரு வார்த்தை தப்பாப் பேசல நைனா. நீதான் என்னை பஸ் ஸ்டாண்டுல போஸ்டராத் தொங்க விட்டுட்ட’ன்னா. அயுவல. அயுதிருந்தா எனுக்குப் பயக்கம், சமாளிச்சிருப்பேன்.

‘எங்க போறம்மா?’ன்னேன்.

திரும்பிப் பாத்தா. ‘எங்க போறேன் தெரியுமா நைனா?’ன்னா.

நான் நின்னேன். சொல்லுவான்னு நின்னேன். சொல்லல. செருப்ப மாட்டிக்கினு படியெறங்கிப் போய்ட்டா.

ஒரு நிமிசம், சத்தியமா சொல்றேன் சார், எனுக்குப் பெருமையா இருந்திச்சி. நிறுத்த வேண்டிய எடத்துல கரீட்டா நிறுத்துனா பாரு. என் பொண்ணாச்சே! அப்பால வூட்டுக்குள்ள போனேன். அவ தட்டு கவுத்து வச்சிருந்திச்சி. அதுக்கப்புறம் அந்தப் பெருமை வர்ல.

தேசம்மாவாண்ட போன்ல பேசறா. எங்க கீறான்னு எனுக்குச் சொல்லக் கூடாதுன்னு அம்மாளுக்கும் பொண்ணுக்கும் ஒப்பந்தம். தேசம்மா யசோதாவாண்ட சொல்லிச்சி. யசோதா பூக்காரம்மா, அதும் வாயில எது நிக்கும்? கேளம்பாக்கம் சார்! அங்க பஸ்ஸு நிக்கற எடத்தாண்டயே பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு கீதாமே. அங்கதான் வேலை, அங்கயே ஆஸ்டலு. பொங்கலுக்கு வர்ல, தமிழ் வருசப் பொறப்புக்கு வர்ல. நான் போன் பண்ணேன். ‘ஹேமா, ஒரு முக்கியமான சேதி, பதறாம கேளு’ன்னேன். கட் பண்ணிட்டா. சேதிய முயுசாக் கேக்கற பொறுமை இந்தக் காலத்துல எவனுக்குக் கீது?

நேராப் போலாமேன்னு கேக்கறியா? போனேன் சார் ஒரு தபா. கேட்டாண்ட நின்னேன். உள்ள சொல்லியனுப்பினேன். டூட்டில கீறாங்கன்னு வாச்மேன் வந்து சொல்றான். அவன் பின்னாடி மொதல் மாடி ஜன்னல்ல அவ நின்னுக்கினு கீறா. நான் கைய ஆட்டினேன். ஜன்னல சாத்திட்டா. வாச்மேன் பாவம், பொய் சொல்லத் தெரியல அவனுக்கு. கூட ரெண்டு வார்த்தை பேசி, ஒரு பேப்பர அவன் தலையில கட்டிட்டு வந்தேன்.

அதான் சார் ஒனக்கு வேலைன்னேன். பெரிய வேலை இல்ல. பஸ்ஸவுட்டு எறங்குனதும் அந்த ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போ. ஹேமாவதி சிஸ்டர்னு கேளு. வேத்து மனுசன்னா வருவா, வந்தவங்கள நிக்க வைக்க மாட்டா. வந்ததும், ‘ஒங்க நைனாவ பிராட்வேல பாத்தேன். அவருக்கு என்ன ஆச்சி தெரியுமா?’ன்னு கேளு. கேட்டுட்டு வாய மூடிக்க. அதுதான் முக்கியம். ‘என்ன ஆச்சி, என்ன ஆச்சி’ன்னு கேப்பா. நீ ஆகாசத்தப் பாரு. அப்டியே கெளம்பி வந்துடு. போட்டது போட்டபடி அடுத்த பஸ்ஸ புட்ச்சி ஓடியாந்துடுவா.

இன்னா சார் அப்டிப் பாக்கற? கொயந்த பயந்துடுமா? பயந்தாதானே சார் வருவா? வந்து பாக்கட்டும். நான் குத்துக்கல்லு மாரி நிப்பேன், பாத்ததும் சந்தோசம் வந்துடும்ல? அன்னிக்கி பரிச்சை ரிசல்ட்டுல வரல?

‘வீட்டுக்கு வா’ன்னு மொட்டையாச் சொல்லியனுப்பினா எவ வருவா? பூனைன்னு போஸ்டர் போட்டா எவன் வாங்குவான்?

தோ, வந்துடுச்சி பாரு ஒன் பஸ்ஸு! ஏறு ஏறு, இந்தப் பக்கம் ஏறு. ஜன்னலோரம் குந்து. ஹேமாவதி சிஸ்டர், மறந்துடாத. கேள்வி மட்டுந்தான்.

மாலைத்தூதன்! மாலைத்தூதன்! கெணத்துல மெதந்தது... இன்னா சார்? காதுல வியல. எனக்கு இன்னா ஆச்சின்னா கேக்கற?

பாத்தியா! பாத்தியா! கேட்டுட்ட பாத்தியா! ஒனக்கே தாங்கல! அவளுக்கு எப்டி இருக்கும்? சொல்ல மாட்டேன். இதோ, ஆகாசத்தத்தான் பாக்கறேன்.

பஸ்ஸ எட்த்துட்டானா?

சார்... இரு சார். டிரைவரு, ஏ டிரைவரு, இருப்பா ஒரு நிமிசம்! இல்லம்மா, பேப்பரு அந்தப் பலகை மேல கீது, நீயே எட்த்துக்க, என்ன வுடு. சார்! எந்த ஜன்னல்ல கீற நீ? எனுக்கு ஒண்ணும் ஆவல சார். கேக்குதா? ஒண்ணும் ஆவல. அவ இல்லாத வூட்டுல என்னால சோறு துன்ன முடியல, அவ்ளோதான். அத்தச் சொல்லு. அத்த மொதல்லயே சொல்லிடு. கேள்வி கேக்காத சார், பயந்துடுவா. ‘நைனா வரச் சொன்னாரு’ன்னு மட்டும்...

சார்! காதுல வியுந்துச்சா சார்?